பதினோரு தடவை 'பெண்ணே'

முதல்லயே சொல்லிடுதேன், எனக்குப் பாட வராது. எங்க லைன் வீடுங்கள்ல நான் வாயத் தொறந்தா, குழாயடியில தண்ணி பிடிக்கிற பொம்பளைங்க "எலே, யாரப் போட்டு அடிக்கானுவ?"ன்னு கேப்பாங்க. ஆனா பாட்டு கேக்கதுல என்னய அடிச்சுக்க தாராவியில ஆள் கிடையாது. கேக்கது, அதுக்காகச் சண்டை போடுறது, அடுத்தவன் ரசனைய நாறடிக்கிறது, இந்த மூணுலயும் நான் கோல்டு மெடல்.

சண்டை நடக்குற இடம் மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஈரானி ஹோட்டல். அங்க ஒரு பாட்டுப் பெட்டி உண்டு. காசப் போட்டு பட்டன அமுக்கினா, உள்ள ஒரு இரும்புக் கை வந்து ரிக்கார்ட எடுத்து வெக்கும், பாட்டு ஓடும். ஹிந்தி உண்டு, இங்கிலீஷ் உண்டு. தமிழ் மட்டும் கிடையாது. முதலாளிகிட்ட கேட்டேன். "மதராஸி ரிக்கார்டா? போட்டா நீ ஒருத்தன் கேப்ப. மத்தவன்லாம் சாயக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருவான்"னாரு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா அவரு கடை, அவரு பெட்டி.

நாங்க மூணு பேரு. நான் ஒண்ணு. அப்பாவுக்குத் தாராவி தோல் கிடங்குல வேலை, எங்க லைன்ல காலேஜ் வாசல மிதிச்ச முத ஆளு நான்தான், அந்தத் திமிரு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே உண்டு. ரெண்டாவது, அடுத்த லைன் தையல்காரன். மேலப்பாளையத்துல இருந்து வந்த குடும்பம். அவங்க முஸ்லிம், நாங்க இந்து, ஆனா திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்குள்ள மாமா, மாப்ளன்னுதான் கூப்பிடு முறை. ரயில் ஏறி பம்பாய் வந்தும் அது மாறல. ஒரே வயசுதான், இருந்தாலும் அவன் எனக்கு மாமா, நான் அவனுக்கு மாப்ள. மூணாவது, என் கிளாஸ்ல படிக்கிற மாதுங்கா அம்பி. ரொம்ப வருஷமா இங்கயே இருக்கிற ஆபீஸ் குடும்பம். அஞ்சு வயசுல இருந்து வயலின்.

பாடுறவங்களுக்கு எங்களுக்குள்ள நாங்களே பேரு வெச்சிருந்தோம். தமிழ் சினிமாவுல அடிவயித்துல இருந்து பாடுற ஒருத்தரு, அவரு சிங்கம். தையல்காரனுக்கு சிங்கம்தான் எல்லாம். அவன் மெஷின் மிதிக்கிறதே சிங்கத்தோட தாளத்துக்குத்தான், சோகப் பாட்டு மனசுல ஓடுற அன்னிக்கு ஒரு சட்டைக்கு மேல தைக்க மாட்டான். அம்பிக்கு இங்கிலீஷ்கார நாலு சடையனுங்க. வீட்டுல தெரிஞ்சா பூணூலப் பிடிச்சு வெளிய தள்ளிருவாங்க, அதனால ஈரானி கடையில வந்து ஒளிஞ்சு கேப்பான். எனக்கு, இனிமையா பாடுற ஒரு தமிழ் அம்மா. அவங்களுக்கு நான் வெச்ச பேரு சீனிப்பாகு.

"சிங்கமாம் சிங்கம். மைக்க முழுங்கிட்டுல்லா பாடுதாரு"ன்னு நான் ஆரம்பிப்பேன்.

"எலே மாப்ள, ஒன் சீனிப்பாகக் குடிச்சுக் குடிச்சு ஒனக்குச் சக்கர வியாதி வந்துரும், பாத்துக்கோ"ம்பான் தையல்காரன்.

"ரெண்டு பேருக்கும் ஸ்ருதின்னா என்னன்னே தெரியாது. சும்மா கத்திண்டு இருக்கேள்."

"நீ பேசாத அம்பி. ஒன் சடையனுங்க போடுற கூச்சல எங்க ஏரியாவுல பக்ரீத் அன்னிக்கே கேட்டாச்சு"ன்னு அதுக்கும் தையல்காரன்தான் பாய்வான்.

இப்படிப் போயிட்டே இருக்கும். ஒரு நாள் காலேஜ் கேன்டீன்ல நானும் அம்பியும் இதே மாதிரி அடிச்சுக்கிட்டு இருந்தோம். பக்கத்து மேஜையில இருந்து ஒரு பொண்ணு திரும்பினா. செம்பூர்ல இருந்து வர்ற மராட்டிப் பொண்ணு. காலேஜ்ல எந்த விழா நடந்தாலும் முத பாட்டு அவளோடதுதான், எல்லாருக்கும் தெரியும். அவ பேசினது ஹிந்தியும் மராட்டியும் கலந்து, நான் தமிழ்ல எழுதுதேன்.

"டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி என்ன சண்டை?"

"கல்லு இல்ல. பாட்டு."

"பாட்டா? எங்க, ஒண்ணு பாடு பாப்போம்."

அம்பி குறுக்க விழுந்தான். "வேணாம், அவன் பாடினா கேன்டீன மூடிடுவா."

யாரு பிடிக்கும்னு அவளக் கேட்டேன். தினம் காலையில ரேடியோவுல வர்ற ஒரு மராட்டிப் பாடகியச் சொன்னா. நான் பெரிய மேதாவி மாதிரி, "கேட்டிருக்கேன். கோயில் மணி மாதிரி ஒரே இழுப்பு"ன்னேன். அவ கையில இருந்த டீய அப்படியே கீழ வெச்சா.

"முழுசா ஒரு பாட்டு கேட்டிருக்கியா?"

இல்ல. உண்மையச் சொல்லணும்ல. இல்லன்னேன்.

"அப்ப என்ன வாய்? நாளைக்குக் காலையில கேட்டுட்டு வா. வந்து திட்டு."

மறுநாள் காலையில சலூன் வாசல்ல நின்னு ரேடியோ கேட்டேன். முழுசா கேட்டேன். அந்தம்மா ஒரு சொல்லப் பிடிச்சு, அதத் தரையில போடாம கைமாத்திக் கைமாத்திப் பாடுனாங்க. திட்டணும்னு போன நான், முடி வெட்ட வந்தவன்னு நெனச்சு சலூன்காரரு உள்ள உக்கார வெச்சு துணியப் போத்தின பிறகுதான் சுயநினைவுக்கு வந்தேன். காலேஜ்ல போயி, "தோத்துட்டேன்"னு சொன்னேன். அவ சிரிக்கல. "சரி, இப்ப உன் ஆளக் காட்டு"ன்னா.

எங்ககிட்ட ரிக்கார்டும் இல்ல, போட்டுக் கேக்கப் பெட்டியும் இல்ல. அம்பி வயலின எடுத்துட்டு வந்தான். அவன் சினிமாப் பாட்ட மதிக்க மாட்டான், ஆனா ஒரு தடவ கேட்டா மெட்டு விரல்ல வந்துரும். சீனிப்பாகோட ஒரு பாட்டு. மழையில நிக்கிற பொண்ணு தனக்குத் தானே பேசிக்கிற பாட்டு. மியூசிக் ரூம்ல ஜன்னல சாத்திட்டு வாசிச்சான். அவ மூணு தடவ வாசிக்கச் சொன்னா. மூணாவது தடவ முடிஞ்சதும், "இத நான் பாடணும்"னா.

எனக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சது அப்பதான்.

எங்க காலேஜ்ல வருஷக் கடைசியில ஒரு பெரிய விழா நடக்கும். கேதரிங்குன்னு சொல்வாங்க. பாட்டு, நாடகம், கேலி, எல்லாம் உண்டு. ஹிந்திப் பாட்டு, மராட்டிப் பாட்டு, குஜராத்தி, இங்கிலீஷ், எல்லாத்துக்கும் இடம் உண்டு. போன வருஷம் நம்ம பையன் ஒருத்தன் தமிழ்ல ரெண்டு வரி எடுத்தான். பின் பெஞ்சு மொத்தமும் "யண்டு குண்டு தண்டா பானி"ன்னு கத்துச்சு. எங்க பாஷை அவனுங்க காதுல அப்படித்தான் விழுதாம். ரோட்டுலயும் அதேதான், ரயில்லயும் அதேதான், ஆனா அன்னிக்கு மேடையில. பாடுனவன் பாதியில இறங்கிட்டான். நான் கூட்டத்துல உக்காந்திருந்தேன். எந்திரிச்சு ஒண்ணும் சொல்லல. அதுக்காக ஒரு வருஷமா என்னய நானே திட்டிக்கிட்டு இருந்தேன்.

முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷம் மேடையில ஒரு தமிழ்ப் பாட்டு. முழுசா. முத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும்.

விழாச் செக்ரட்டரி கடைசி வருஷ மாணவன் ஒருத்தன். கெட்டவன் கிடையாது, ஆனா பயந்தாங்கொள்ளி. போன வருஷக் கூச்சலுக்கு பிரின்சிபால் மொத்த கமிட்டியையும் கூப்பிட்டு வெச்சு வாங்கியிருந்தாரு. "மதராஸிப் பாட்டா? பாபா, எனக்கு வம்பு வேணாம்"னான்.

"பாடுறது மதராஸி இல்ல"ன்னு அவ பேரச் சொன்னேன். அவன் முகம் மாறிச்சு. அவ இல்லாம அவனுக்கு விழாவே கிடையாது.

யோசிச்சான். "ஒரே பாட்டு. மூணு நிமிஷம். கூச்சல் வந்துச்சுன்னா, நான் லிஸ்டுல எழுதி வெச்சிருவேன், இனிமே எந்த வருஷமும் தமிழ் கிடையாதுன்னு. அடுத்து வர்ற செக்ரட்டரியும் அதத்தான் பாப்பான்."

"எழுதிக்கோ"ன்னேன். வாய் எப்பவும் எனக்கு முன்னாடி ஓடும்.

மெட்டு அம்பி வயலின்ல இருந்து கிடைச்சிரும். வார்த்தை? அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனக்கு மட்டும் என்ன வாழுது? நான் படிச்சது முனிசிபாலிட்டி ஹிந்தி ஸ்கூல். தமிழப் பேசினா மெயில் வண்டி, படிச்சா கூட்ஸ் வண்டி. ஆனா தையல்காரன் நல்லா படிப்பான். தமிழ்ப் படம் ஓடுற ஞாயித்துக்கிழமை தியேட்டர் வாசல்ல விக்கிற பாட்டுப் புஸ்தகம் அத்தனையும் அவன் கடையில நூல்கண்டுக்கு அடியில இருக்கும். அவன் மெஷின மிதிச்சுக்கிட்டே வாசிச்சான், நான் ஸ்டூல்ல உக்காந்து ஹிந்தி எழுத்துல தமிழ எழுதுனேன். பத்து நிமிஷம். சர்ருன்னு எழுதித் தள்ளிட்டேன்.

"ஒரு தடவ திருப்பிப் பாருவே"ன்னான்.

"மாமா, நான் காலேஜு. நீ காஜா எடு."

அந்தப் பேப்பர அவகிட்ட குடுத்தேன். அவ செம்பூர் கொண்டு போயி மூணு வாரம் தனியா பழகுனா. இங்க மியூசிக் ரூம்ல அம்பியோட மெட்டு மட்டும் சரிபாத்துக்கிட்டா. வார்த்தையோட பாட மாட்டேன்னுட்டா, முழுசா தயாரானப்புறம்தான் காட்டுவேன்னு பிடிவாதம். என்னய வார்த்தை சொல்லிக் காட்டச் சொல்லி அவ கேக்கல, நானா போயி சொல்லவும் இல்ல. என் குரலுக்கு நான் பயந்தேன், அதுதான் நிஜம்.

விழாவுக்கு ஆறு நாள் முன்னாடி, சனிக்கிழமை மத்தியானம், ஹால்ல ஒத்திகை. தையல்காரனயும் பின்வாசல் வழியா கூட்டிட்டு வந்தேன். கழுத்துல அளவு டேப்போட வந்து முத பெஞ்சுல உக்காந்தான். அம்பி வில்ல எடுத்தான். அவ கண்ண மூடிப் பாட ஆரம்பிச்சா.

குரலு, சொல்லவா வேணும். அந்தக் காலி ஹால் நிறைஞ்சு வழிஞ்சது. முத வரி கடைசியில 'பெண்ணே'ன்னு வரணும். அந்தப் பாட்டுல ஒவ்வொரு வரியும் அங்கதான் போயி முடியும், மொத்தம் பதினோரு தடவ.

அவ பாடுனா: "பேனே…"

நான்தான் தப்பாக் கேட்டேனோன்னு நெனச்சேன். ரெண்டாவது வரி. "பேனே…" உருக்கமா, ஒரு கமகத்தோட, உயிரக் குடுத்து. அம்பியோட வில்லு அந்தரத்துல நின்னுருச்சு.

தையல்காரன் டேப்ப வாயில கடிச்சுக்கிட்டு அடக்கிப் பாத்தான். மூணாவது வரியில கொடின்னு வர வேண்டிய இடத்துல 'கோடி'ன்னு வந்து, அதுக்குப் பின்னாலயே 'பேனே'யும் வந்ததும் வெடிச்சுட்டான்.

"யல்லா! கோடி பேனா! மாப்ள, எங்க முனிசிபாலிட்டி ஸ்கூல் மொத்தப் பிள்ளையளையும் வரிசையா உக்கார வெச்சாலும் அம்புட்டு தேறாதேடே!"

அவ நிறுத்திட்டா. "என்ன? என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்ல, ரொம்ப நல்லாருக்குன்னு…"ன்னு நான் இழுத்தேன்.

தையல்காரனுக்கு ஹிந்தி கொஞ்சம்தான். ஆனா கை பேசும். தலையில இருந்து ஒண்ண எடுத்து, இடது கட்ட வெரல் நகத்துல வெச்சு, வலது நகத்தால டக்குன்னு நசுக்கிக் காட்டுனான். இதுக்கு எந்த மொழியும் வேணாம். அவளுக்குப் புரிஞ்சிருச்சு.

"இதுவா? மூணு வாரமா நான் இதுக்கா பாடுனேன்?"

அம்பி மெதுவா, "தப்பு உன் பேர்ல இல்லே. ஹிந்தி எழுத்துல எகரம் கிடையாதே. ஏகாரம் மட்டும்தானே இருக்கு. இவன் பாட்டுக்கு எழுதித் தள்ளியிருக்கான். ரெண்டு 'ண'வையும் முழுங்கி ஒரு 'ன' போட்டிருக்கான் மடையன்"னு சொன்னான்.

அப்பதான் எனக்கே உறைச்சது. நமக்கு குட்டை எ, நெட்டை ஏ, குட்டை ஒ, நெட்டை ஓ, எல்லாம் தனித்தனி. ஹிந்தியில ரெண்டுக்கும் ஒரே எழுத்து. தமிழ்க்காரன் படிச்சா எது குட்டை எது நெட்டைன்னு அவனாப் பிரிச்சுக்குவான். தெரியாத பிள்ளை என்ன செய்யும்? எழுதுனதப் பாடும். அவ எழுதுனதத்தான் பாடுனா. தப்பு முழுக்க என் பத்து நிமிஷத்துல.

அவ பேப்பர நாலா மடிச்சா. கிழிக்கல, அதான் எனக்குப் பயம். என் கையில குடுத்தா. "உங்க ஆளுங்க முன்னாடி என்னய வெச்சு வேடிக்கை காட்டணும்னா நேரடியா சொல்லியிருக்கலாம்"னு சொல்லிட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டா.

ஹால்ல மூணு பேரு நின்னோம்.

"எல்லாம் ஒன்னாலதான்"னு தையல்காரன்கிட்ட பாஞ்சேன். "சிரிக்காம இருந்தா என்ன?"

"இன்னிக்கு நான் ஒருத்தன் சிரிச்சேன். வெள்ளிக்கிழமை ஐநூறு பேரு சிரிப்பான், அது பரவால்லையா? தப்பா வெட்டுன துணியப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லுதியா?"

 போனா போவுதுன்னு விட்டுரலாம்னு அம்பி சொன்னான். செக்ரட்டரிகிட்ட நாங்களே பேர எடுத்துட்டா, கூச்சலும் இல்ல, அவமானமும் இல்ல. நான் மாட்டேன்னேன். பேர எடுத்தா போன வருஷம் மாதிரியே இதுவும் பாதியில இறங்குனதுதான். அன்னிக்கு அவன் இறங்குனான், இன்னிக்கு நான் இறங்குறேன், வித்தியாசம் என்ன?

நேரா தையக் கடைக்குப் போனோம். "மாமா, மெஷின நிறுத்து"ன்னேன். நிறுத்துனான். அவன் ஒரு ஒரு வார்த்தையா வாசிக்க, நான் புதுசா எழுதுனேன். ஆனா குட்டை எழுத்த எப்படிக் காட்டுறது? ஹிந்தியிலதான் இல்லையே.

தையல்காரன் காதுல சொருகியிருந்த சாக்பீஸ எடுத்தான். "இதுக்கு என்ன இம்புட்டு மண்டைய ஒடைக்கணும்? அரைக்கை சட்டைக்கு நாங்க துணியில ஒரு குறுக்குக் கோடு போடுவோம், இங்கயே நிறுத்துன்னு. கோடு இல்லன்னா முழுக்கை. எழுத்து மேல அதப் போடு. கோடு இருந்தா அரைக்கை, எ. இல்லன்னா முழுக்கை, ஏ."

அவன் தோள்ல ஒண்ணு போட்டேன். காலேஜுக்கு அது தோணல, காஜாவுக்குத் தோணிச்சு.

பதினோரு 'பெண்ணே'க்கும் கோடு போட்டோம். மெல்லவுக்கு, கொடிக்கு, கொஞ்சத்துக்கு. ரெட்டை எழுத்த ரெட்டையாவே எழுதி அடியில கோடு இழுத்தோம். அவன் திருப்பி ரெண்டு தடவ சரி பாத்தான். இந்தத் தடவ நான் வாயத் தொறக்கல.

திங்கக்கிழமை காலையில செம்பூர் ஸ்டேஷன்ல போயி நின்னேன். லேடீஸ் டப்பா, அதான் பொம்பளைங்க ஏறுற பெட்டி, எங்க நிக்குமோ அங்க. வந்தா. பாத்தா. திரும்பிக்கிட்டா.

"புது பேப்பர். இந்தத் தடவ தப்பு கிடையாது."

"போயி உன் தலையப் பாரு."

"ஒரு தடவ கேளு. நானே பாடிக் காட்டுறேன்."

அந்த ஆபீஸ் நேரத்துல, டிபன் டப்பா, குடை, கூடையோட நின்ன அத்தனை பேரு நடுவுலயும் பாடுனேன். மானம் போனா போவுது. "பெண்ணே! பெ, அரைக்கை! இங்கயே நிறுத்தணும்!"னு முழங்கைக்கு மேல வெட்டிக் காட்டுனேன். "பேனே! இது முழுக்கை, மணிக்கட்டு வரைக்கும், இது வேணாம்!" ஒரு பெரியவரு பேப்பர இறக்கிட்டுப் பாத்தாரு. மீன்கூடைக்காரம்மா ரெண்டு பேரு பக்கத்துல வந்தே நின்னுட்டாங்க, இவன் என்ன மருந்து விக்கிறான்னு. நான் விடல. ரெண்டாவது வரி, மூணாவது வரி.

நாலாவது வரியில அவ கையக் காட்டி நிறுத்தினா.

"ஸ்வரம் தப்பு."

"தெரியும்."

"அம்பி வாசிச்சதக் கெடுக்கிற."

"அதான் உங்கிட்ட வந்திருக்கேன்."

வண்டி வந்துச்சு. ஏறுறதுக்கு முன்னாடி பேப்பரப் பிடுங்கிக்கிட்டா. "அந்தத் தையல்காரன் நாளைக்கு வரணும். முன்னாடி உக்காரணும். அவன் சிரிக்காம இருந்தாத்தான் மேடை"ன்னு ஜன்னல் கம்பிக்குள்ள இருந்து சொன்னா.

மூணு நாள் மத்தியானம் தையல்காரன் கடைய அடைச்சுட்டு வந்தான். அவன் முகத்த மட்டும்தான் அவ பாத்துப் பாடுவா. அவன் புருவம் ஏறுனா நிறுத்துவா, இறங்குனா போவா. முத நாளே எ, ஒ எல்லாம் சரியாயிருச்சு. வம்பு வந்தது மழையில. 'ள' அவளுக்கு சுலபம், மராட்டியிலயே இருக்கு. 'ழ' வரல. "மளை"ன்னுதான் வருது.

"விடு மாப்ள"ன்னான் தையல்காரன். "எங்க ஊரே மளன்னுதான் சொல்லுது. அந்தப் பிள்ளையப் போட்டு ஏன் வதைக்க?"

அம்பிக்கு வந்ததே கோவம். "உங்க ஊர் சொன்னா சரியாயிடுமா? ழகாரம் இல்லாம தமிழ்ப் பாட்டா? நாக்க உள்ள மடிக்கச் சொல்லு."

"நீ மடி. ஒன் நாக்குதான் சடையனுங்களுக்கு மடியுதே."

அவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு இருக்க, அவ ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு தனியா முனகிக்கிட்டே இருந்தா. வியாழக்கிழமை மூணு மணி இருக்கும். "மழை"ன்னா. மூணு பேரும் அவ பக்கம் திரும்பினோம். இன்னொரு தடவ சொன்னா. "மழை." தையல்காரன் முயற்சி பண்ணிப் பாத்தான். அவனுக்கு வரல.

வெள்ளிக்கிழமை விழா. ஹால் நிறைஞ்சு, ஜன்னல் மேலயும் பசங்க. நாங்க நாலாவது பாட்டு. நான் திரை ஓரம் நின்னேன், செக்ரட்டரி கையில லிஸ்டோட எனக்குப் பக்கத்துல நின்னான். அம்பி உக்காந்தான், அவ மைக்குக்கு வந்தா. அவ வந்தா எப்பவும் கை தட்டுற கூட்டம், அன்னிக்கும் தட்டுச்சு. முத வார்த்தை தமிழ்னு காதுல விழுந்த உடனே பின் பெஞ்சுல இருந்து ஒருத்தன் ஆரம்பிச்சான். "யண்டு குண்டு…" உடனே பத்து குரல். "தண்டா பானி!" மேஜையத் தட்டுறானுங்க.

செக்ரட்டரி பென்சில எடுத்தான். எனக்கு காலு மேடைக்குப் போகுது, இந்த வருஷம் சும்மா உக்காரப் போறதில்ல. ஆனா அதுக்குள்ள அவ கையத் தூக்கிட்டா. அம்பிய நிறுத்தினா. மைக்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, மராட்டியில, சத்தம் போடாம பேசினா.

"ஒரு எழுத்துக்கு மூணு நாள் என் நாக்கு சுளுக்கிக்கிச்சு. நாலு வாரம் இதப் பழகியிருக்கேன். கேட்டுட்டுக் கத்துங்க. கேக்காம கத்துறவன் எந்திரிச்சு நில்லு, முகத்தப் பாக்கணும்."

ஒருத்தனும் எந்திரிக்கல.  அவ அம்பிக்குத் தலையாட்டுனா. முதல்ல இருந்து ஆரம்பிச்சா.

நான் எண்ணுனேன். வெக்கமே இல்லாம வெரல் விட்டு எண்ணுனேன். ஒண்ணு. பெண்ணே. ரெண்டு. பெண்ணே. கொடி கொடியாவே வந்துச்சு. மழை மழையாவே பேஞ்சுது. தையல்காரன் எங்க உக்காந்திருக்கான்னு தேடுனேன், முத வரிசை ஓரத்துல டேப்ப உருவிக்கிட்டு, புருவம் அசையாம இருந்தான். ஏழு, எட்டு. பின் பெஞ்சு மேஜை மேல வெச்ச கையெல்லாம் அப்படியே கிடந்துச்சு. பதினொண்ணாவது 'பெண்ணே'ய அவ நீட்டல, குட்டையா, அழகா நிறுத்துனா, வயலின் மட்டும் கொஞ்ச தூரம் போயிட்டு நின்னுச்சு.

கைதட்டு வந்துச்சு. பெரிய இடிமுழக்கம்லாம் கிடையாது, ஒன்ஸ் மோர் கேக்கல. ஆனா ஒருத்தன் கத்தல.

செக்ரட்டரி பென்சிலோட நிக்கான். "கூச்சல் வந்துச்சே"ன்னான்.

"எப்ப?"

"ஆரம்பத்துல. நீயே பாத்த."

"அது பாட்டுக்கு முன்னாடி. பாட்டுல வந்துச்சா? முத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும், ஒருத்தன் கத்துனானா சொல்லு."

"கண்டிஷன் கண்டிஷன்தான், பாபா. கூச்சல்னு சொன்னா கூச்சல்."

"நீ கமிட்டி ஆளா, கோர்ட் கிளார்க்கா?"

அதுக்குள்ள அவ மேடையில இருந்து இறங்கி வந்தா. முகமெல்லாம் வேர்வை. விஷயத்தக் கேட்டா. "கத்துனது என்னயப் பாத்து. நானே அதக் கணக்குல எடுத்துக்கல. நீ யாரு எடுக்க?"ன்னு அவன்கிட்ட கேட்டுட்டு தண்ணி குடிக்கப் போயிட்டா.

அவன் லிஸ்டப் பாத்தான். எங்க பாட்டுக்கு நேரா ஒரு கேள்விக்குறி போட்டான். நான் நகரல. அடுத்த பாட்டு, அதுக்கு அடுத்த நாடகம், அவன் திரை இழுக்கப் போனா கூடவே போனேன், நாற்காலி எடுக்கப் போனா ஒரு நாற்காலிய நானும் தூக்கிட்டுப் போனேன். எல்லாம் முடிஞ்சு ஹால் காலியாகி, வாட்ச்மேன் ஜன்னல சாத்த வந்துட்டாரு.

"உனக்கு வீடு கிடையாதா?"ன்னான்.

"தாராவி. நடந்தே போயிரலாம். அவசரமில்ல."

பெருமூச்சு விட்டான். கேள்விக்குறிய அடிச்சான். அடுத்த வருஷத்துக்கு விட்டுட்டுப் போற நோட்டப் பிரிச்சு, மராட்டி, ஹிந்தி, குஜராத்தி, இங்கிலீஷ்னு இருந்த வரிசைக்குக் கீழ, 'தமிழ், ஒண்ணு'ன்னு எழுதுனான்.

"ஒண்ணுதான். ரெண்டு கேட்டுட்டு வந்து நிக்காத."

"பேனாவுல எழுது"ன்னேன். "பென்சில் வேணாம்."

முறைச்சான். அப்புறம் சட்டைப் பையில இருந்து பேனாவ எடுத்தான்.